பூமயில் உட்கார்ந்த நாற்காலி

வெள்ளிமணல்துறை, பாம்பன் வழி
12-8-1955

மரியாதைக்குரிய சின்னச்சாமி மச்சானுக்கு, உங்கள் தங்கை புருஷன் கூத்தையா எழுதிக்கொண்டது. இங்கே நான், இருளம்மாள், பெரியவள் பூமயில், சின்னவன் மூக்கையா நால்வரும் உப்புக் காற்றில் இருப்பதால் கெட்டுப்போகாமல் சுகமாயிருக்கிறோம். அங்கே உங்கள் சுகமும் பஞ்சம்மாள் அக்கா, பிள்ளைகள் சுகமும் அறிய ஆவல்.

முதலில் என் மானம் போன கதை. போன ஞாயிறு நான் வேலை பார்க்கும் சர்க்கார் பங்களாவில் ஆறு பேருக்கு விருந்து. மேசை விரிப்பைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தேன். வேலி தாண்டி வந்த ஆடு அதில் ஒரு முழத்தைத் தின்றுவிட்டது. அதற்குள் கார் சத்தம். வேறு வழி தெரியாமல் நான் கட்டியிருந்த கல்யாண வேட்டியை அவிழ்த்து, கரையை உள்ளே மடித்து, மேசையில் விரித்துவிட்டேன். விருந்து முடியும்வரை அரைக்கால் டிரவுசரோடு கதவோரம் நின்றேன். ஒருவர் துணியைத் தடவிப் பார்த்து, விரிப்பு நல்ல விரிப்பு என்றார். மறுநாள் அதையே கட்டிக்கொண்டு ரயிலடி வரை போய்விட்டேன். கூட வந்த பூமயில்தான், "அய்யா, ஒன் பின்னாடி ரெண்டு நிலா இருக்கு" என்றாள். காபித் தம்ளர் வைத்த வட்டக் கறை, சரியாக உட்காருகிற இடத்தில்.

உங்களுக்குத் தெரியாததா. அங்கே என் வேலை மேசை போடுவது. தட்டு, ஸ்பூன், பூ, இலை எல்லாம் நான் வைக்கலாம். தட்டில் விழுவதைச் சமையற்காரர்தான் கொண்டுவர வேண்டும். நான் ஊற்றிய தண்ணீரைக் குடிக்காத ஆட்கள் என் வேட்டியில் கை துடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் மச்சான். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். படித்ததும் கிழித்துவிடவும்.

ஒரு நல்ல சேதி. காந்தி ஜெயந்தி அன்று இங்கே சமபந்தி விருந்து. மதுரையிலிருந்து பெரிய ஆபீசர் சம்சாரத்தோடு வருகிறாராம். எல்லாச் சாதியும் ஒரே மேசையில். மேசை அலங்காரம் முழுக்க என் பொறுப்பு.

அக்காவுக்கு என் கும்பிடு.
கூத்தையா

*

கருவக்குளம், கமுதி வழி
24-8-1955

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, சின்னச்சாமி எழுதுவது. நாங்கள் நலம். மழைதான் நலமில்லை. மிளகாய் நாற்றுக்குக் குடம் குடமாகச் சுமந்து பஞ்சம்மாளின் தலையில் சும்மாடு முளைத்துவிட்டது.

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. இவளுக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினேன். நிலா வரும் இடத்தில் எல்லாம் இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இனி உங்களைப் பௌர்ணமி மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடப் போகிறாளாம்.

ஒரே மேசை என்று எழுதியிருக்கிறீர்கள். நிஜமாகவா? இங்கே டீக்கடையில் இன்றைக்கும் நம் தெருவுக்குச் சிரட்டைதான். அதுவும் வெளியே, வேலியோரம். குடித்துவிட்டு நாமே கழுவி வேலிக் குச்சியில் கவிழ்த்துவிட்டு வர வேண்டும். உள்ளே பெஞ்சும் கண்ணாடித் தம்ளரும் இருக்கின்றன. நான் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த மேசையில் நம் பக்கத்து ஆள் யார் உட்காரப் போகிறார் என்று விவரமாக எழுதவும்.

தங்கைக்கும் மருமக்களுக்கும் என் ஆசி.
சின்னச்சாமி

*

வெள்ளிமணல்துறை
10-9-1955

மச்சான் அவர்களுக்கு, பௌர்ணமி எழுதியது. அனைவரும் சுகம். அங்கே மழை விழுந்ததா?

உட்காரப் போவது உங்கள் மருமகள். ஆமாம், பூமயில்தான். பிள்ளை ஒன்று இருந்தால் போட்டோவுக்கு நன்றாயிருக்கும் என்று பங்களா கிளார்க் சொன்னாராம். நம் தெருவில் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்திப் பார்த்து, மூக்கு ஒழுகாத பிள்ளை என்று இவளைப் பொறுக்கினார். அந்த மூக்கை அவர் வருவதற்கு முன் உங்கள் தங்கை நான்கு தடவை சிந்திவிட்டது அவருக்குத் தெரியாது.

வீட்டில் தினமும் ஒத்திகை. கருவாட்டுப் பெட்டியைக் கவிழ்த்தால் மேசை. மண்ணெண்ணெய் டின் நாற்காலி. கேப்பைக் கூழை ஸ்பூனால் சாப்பிடுகிற ஒரே குடும்பம் இந்தச் சீமையில் நாங்களாகத்தான் இருப்போம். நான்தான் ஆபீசர். எதிரே மீசையை முறுக்கிக்கொண்டு, "இங்கன பாருங்க, சிந்துன ஆளை எந்திரிக்கச் சொல்லிருவேன்" என்பேன். மூக்கையா முதல் வாயிலேயே நெஞ்சில் ஊற்றிக்கொள்வான். அவனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப்போய் வாசலில் வைப்பேன். சிரித்துக்கொண்டே ஓடிவந்து, தூக்கிப் போகவேண்டும் என்பதற்காகவே இன்னொரு தடவை சிந்துவான். பூமயில் மட்டும் சிரிப்பதில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, ஸ்பூனையே பார்த்தபடி வாய்க்குக் கொண்டுபோகிறாள். நான்கு நாளாக ஒரு சொட்டு கீழே விழவில்லை.

மேசை நடுவில் கடல் செய்யப்போகிறேன். உப்பளத்துக் கல்லுப்பைத் துணிக்குப் போடும் நீலத்தில் புரட்டிக் காயவைத்திருக்கிறோம். கரைக்கு மஞ்சள் புரட்டிய உப்பு. ஓடத்துக்குச் சிப்பி. புரட்டியது பிள்ளைகள்தான். மூக்கையாவின் நாக்கு மூன்று நாளாக நீலம். கைக்குட்டைகளை விசிறியாக மடிப்பேன். பூமயிலுக்கு மட்டும் மயில்.

ஒவ்வொரு தட்டுக்கு முன்னும் பெயர் எழுதிய அட்டை நிற்கும். எழுதுவதும் நான்தான். பூமயில் பெயரைத்தான் முதலில் எழுதினேன். கை பழகட்டும் என்று எழுதியதாகக் கிளார்க்கிடம் சொன்னேன்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.
கூத்தையா

*

கருவக்குளம்
19-9-1955

மாப்பிள்ளைக்கு, இங்கே எல்லாரும் சௌக்கியம். ஒரு மழை விழுந்தது. உங்கள் கடிதமும் அன்றைக்கே விழுந்தது. எது பெரிது என்று பஞ்சம்மாளும் நானும் சண்டை போட்டுக்கொண்டோம்.

இத்துடன் சிவப்புச் சீட்டித் துணி இரண்டு கெஜம். மருமகளுக்குக் கவுன் தைத்துப் போடவும். நாற்காலியில் உட்காருகிற பிள்ளைக்குத் தாய்மாமன் செய்ய வேண்டிய சீர் என்னவென்று பெரியவர்கள் யாரும் சொல்லிவைக்கவில்லை. அதனால் இதை நானாக ஏற்படுத்தியிருக்கிறேன்.

பெரிய வேண்டுகோள் ஒன்று. அங்கே அவள் முதல் வாய் என்ன சாப்பிட்டாள், சாப்பிட்டுவிட்டு என்ன சொன்னாள் என்று அப்படியே எழுதுங்கள். உங்கள் மேசையின் அழகையெல்லாம் பிறகு எழுதலாம்.

சின்னச்சாமி

*

வெள்ளிமணல்துறை
6-10-1955

மச்சான் அவர்களுக்கு, நாங்கள் நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

விருந்து நல்லபடியாக நடந்தது. மேசை என் ஆயுளில் இதுபோல் அமைந்ததில்லை. நீல உப்பை அலை அலையாகச் சீப்பினால் வாரிவிட்டேன். கரையோரம் குரோட்டன்ஸ் இலை, சிவப்பும் பச்சையும் மாறி மாறி. சிப்பி ஓடங்கள் பதினொன்று. ஆபீசர் சம்சாரம் ஒரு சிப்பியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அதே இடத்தில் வைத்தார்கள். விசிறி மடிப்பில் ஒன்று சரிந்துவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை.

பூமயில் சிவப்புக் கவுனில் உட்கார்ந்தாள். போட்டோ எடுத்தார்கள். பேப்பரில் வருமாம். கேசரியும் போண்டாவும் நன்றாயிருந்ததாக எல்லாரும் சொன்னார்கள்.

இங்கே காற்று திரும்பிவிட்டது. கடலில் கலக்கம்.

கூத்தையா

*

கருவக்குளம்
22-10-1955

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, எல்லாரும் நலம், நலத்துக்கு மேலே நலம்.

பேப்பர் வந்துவிட்டது. கமுதியிலிருந்து ஒருவர் கொண்டுவந்தார். ஆபீசருக்கும் அவர் சம்சாரத்துக்கும் நடுவில் என் மருமகள். கையில் ஸ்பூன், ஸ்பூனில் கேசரி, ஸ்பூன் வாய்க்குப் பக்கத்தில். பஞ்சம்மாள் படத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழுதாள். படத்தை வெட்டிச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதம்தான் எனக்குச் சரிப்படவில்லை. குரோட்டன்ஸ் இலைக்கு இரண்டு வரி, உப்புக்கு இரண்டு வரி, பிள்ளைக்கு ஒரு வரி. முதல் வாய் எப்படி இருந்தது என்று கேட்டேனே. பெருமையில் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு காரியம் முடிவு செய்திருக்கிறேன். தீபாவளியன்று காலையில் பிள்ளைகளுக்குப் புதுத்துணி போட்டு டீக்கடைக்குக் கூட்டிப்போகப் போகிறேன். உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடித் தம்ளரில் டீ கேட்பேன். ஏன் என்றால் படத்தைக் காட்டுவேன். அவ்வளவு பெரிய ஆபீசரே பக்கத்தில் உட்கார்த்தி ஊட்டும்போது இந்தக் கடைக்காரர் எம்மாத்திரம். உங்கள் யோசனையைத் தீபாவளிக்குள் எழுதவும். உங்கள் வாயால் சரி என்று ஒரு வார்த்தை வந்தால் எனக்குத் தைரியம்.

சின்னச்சாமி

*

கருவக்குளம்
24-11-1955

மாப்பிள்ளைக்கு. எழுத்து கோணலாக இருந்தால் கோபிக்க வேண்டாம். இது இடது கை. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். நீங்கள் சுகமா? உங்கள் பதில் வரவில்லை. தபாலில் தவறியிருக்கும்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். பிள்ளைகளை ஒன்றும் செய்யவில்லை. என்னை அடித்ததைப் பார்க்க மட்டும் வைத்தார்கள். வலது மணிக்கட்டு போய்விட்டது. படத்தைப் பையிலிருந்து அவர்களே எடுத்தார்கள். சத்தம் போடவில்லை, நிதானமாகப் பார்த்தார்கள். அவர்களில் ஒரு பெரியவர், "ஒன் மருமக திங்கிறாள்ல, நீயும் தின்னு" என்றார். மென்று விழுங்கும்வரை வாயைத் திறந்து காட்டச் சொன்னார்கள். மை கசக்கிறது மாப்பிள்ளை. ஆபீசர் கொஞ்சம் அதிகம் கசக்கிறார்.

படம் போய்விட்டதால்தான் கேட்கிறேன். அன்றைக்கு அவள் சாப்பிட்டதை எழுதுங்கள். அதை வாசித்தால் எனக்குக் கொஞ்சம் வலி குறையும்.

சின்னச்சாமி

*

வெள்ளிமணல்துறை
2-12-1955

மச்சான், நலம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை.

பூமயில் ஒன்றும் சாப்பிடவில்லை.

போட்டோக்காரர் எல்லாத் தட்டிலும் கேசரி வைக்கச் சொன்னார். இவளைப் பார்த்து, ஒரு ஸ்பூன் எடுத்து வாய்கிட்டே வை, அசையாதே என்றார். வைத்தாள். விளக்கு இரண்டு தடவை பளிச்சென்று அடித்தது. கண்கூடச் சிமிட்டவில்லை. அந்த ஸ்பூன்தான் நீங்கள் பார்த்தது.

மேசையில் இரண்டு நாற்காலி காலியாக இருந்ததை நான் எழுதவில்லை. அதற்குரிய இரண்டு பெரிய மனிதர்கள் வராந்தாவில் நின்றிருந்தார்கள். போட்டோ முடிந்ததும் உள்ளே வந்தார்கள். உட்காரவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை மச்சான். கிளார்க் என்னைப் பார்த்து, "கூத்தையா, அதான் போட்டோ எடுத்தாச்சுல்ல" என்றார். புரியாத மாதிரி நின்றேன். ஆபீசர் சம்சாரம் நல்ல மாதிரி. குழந்தைக்குத் தூக்கம் வருகிறது போல, பாவம் என்றார்கள். ஆபீசர் நீல உப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். வீட்டில் மூக்கையாவைத் தூக்குகிற அதே மாதிரி. கையில் ஸ்பூனோடு வந்தாள். நான் நடக்க நடக்க அதைச் சாயவிடாமல் நேராகப் பிடித்திருந்தாள். பின்வாசலில் சமையற்காரர், பங்களாச் சாமான் என்று ஸ்பூனை வாங்கிக்கொண்டு, கேசரியைக் காக்கைக்கு உதறினார். உள்ளே நாற்காலியைத் துடைக்கச் சொன்னார்கள். துடைத்தேன். அவள் பெயர் அட்டையையும் எடுத்துவிட்டேன். அதை மட்டும் யாரும் சொல்லவில்லை, நானாகச் செய்தேன்.

திரும்பி வந்தபோது பின்வாசல் படியில் நின்றுகொண்டு, "நான் சிந்தவே இல்லையே அய்யா" என்றாள்.

உங்கள் தீபாவளிக் கடிதம் தவறவில்லை. எனக்குக் கிடைத்தது. அன்றைக்கே கார்டு வாங்கினேன். கடைக்குப் போகாதீர்கள் என்று மட்டும் எழுதினால் ஏன் என்று கேட்பீர்கள். ஏன் என்று எழுத வெட்கம். மூன்று வாரம் அந்தக் கார்டு கூரைக் கீற்றில் செருகியே இருந்தது. உங்கள் கையை உடைத்தவர்களில் ஒருவன் இங்கே மேசை போட்டுக்கொண்டிருக்கிறான்.

கூத்தையா

*

கருவக்குளம்
17-12-1955

மாப்பிள்ளைக்கு. கை கூடிக்கொண்டு வருகிறது. பஞ்சம்மாளும் பிள்ளைகளும் நலம். வேலைக்கு இனி வர வேண்டாம் என்றுவிட்டார்கள். சாயல்குடி பக்கம் உப்பளத்தில் ஆள் எடுக்கிறார்களாம், தைக்கு மேல் போகிறேன்.

உங்கள் மேல் கோபப்பட வேண்டும். படுவேன், நேரில் வரும்போது. கடிதத்தில் கோபப்பட இடது கை பழகவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பிள்ளை உங்களிடம் கேட்டதை எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்ன பதிலை எழுதவில்லை. தாய்மாமன் கேட்கிறேன். என்ன சொன்னீர்கள்?

சின்னச்சாமி

*

வெள்ளிமணல்துறை
19-1-1956

மச்சானுக்கு, கடைசியில் எழுத வேண்டியதை முன்னாலேயே எழுதிவிடுகிறேன், பிறகு எழுத முடியுமோ என்னவோ. உங்கள் கைக்கு எண்ணெய் காய்ச்சி இருளம்மாள் அனுப்பியிருக்கிறாள். அக்காவுக்குக் கும்பிடு, பிள்ளைகளுக்கு முத்தம். உப்பளத்துக்குப் போனால் காலுக்கு ஏதாவது சுற்றிக்கொள்ளுங்கள்.

"சிந்திட்ட தாயி. நீ பாக்கல" என்றேன்.

யோசித்துத்தான் சொன்னேன். சிந்தியதற்காக எழுப்பினார்கள் என்றால், அடுத்த தடவை சிந்தாமல் இருந்தால் போதும் என்று நினைப்பாள். சிந்தாமலே எழுப்பினார்கள் என்றால் ஆறு வயதுப் பிள்ளை அதை எங்கே கொண்டுபோய் வைக்கும். இப்படிக் கணக்குப் போட்டேன். எட்டாம் வகுப்பில் நான் தோற்றதும் கணக்கில்தான்.

எங்கே சிந்தினேன் என்று கேட்டாள். கவுனில் ஒன்றுமில்லாத இடத்தைக் காட்டினேன். குனிந்து உற்றுப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு, "ஆமாய்யா" என்றாள்.

அந்தக் கவுனை இப்போது போடமாட்டேன் என்கிறாள், கறை இருக்கிறதாம். உங்கள் தங்கை நான்கு தடவை துவைத்துக் காட்டிவிட்டாள். போகவில்லையாம். சாப்பிடும்போது இடது கையை மோவாய்க்குக் கீழே ஏந்திக்கொள்கிறாள். தம்பி சிந்தினால் புறங்கையில் அடிக்கிறாள். அவன் இப்போது என்னிடம் ஓடிவந்து தூக்கச் சொல்வதில்லை. பொங்கலன்று தெருவே சேர்ந்து சாப்பிட்டபோது எல்லாரும் முடிக்கும்வரை இவள் ஒரு வாயும் எடுக்கவில்லை. வரப்போகும் காந்தி ஜெயந்திக்கு ஒழுங்காக இருப்பாளாம், ஆபீசர் அய்யாவிடம் சொல்லிவைக்க வேண்டுமாம்.

பிள்ளையிடம் உண்மையைச் சொல்லு என்று எழுதுவீர்கள். தெரியும். நேற்றுச் சாயங்காலம் சொல்லிவிடுவது என்றுதான் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். கடைசி வாயையும் கையேந்திச் சாப்பிட்டு முடித்து, தட்டைச் சுற்றித் தரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு எப்படிய்யா?" என்று கேட்டாள்.

"இன்னைக்குப் பரவாயில்ல தாயி" என்றேன்.

அன்றைக்கும் நீ ஒரு சொட்டும் சிந்தவில்லை என்று சொல்லவில்லை.